‘ஓப்பன் த லைட்’: சீன மொழி பேசுபவர்களின் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்

#1 – தாழம்பூ

வணக்கம். செங்டு நகரத்தில் ஆறு வருடம் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன். மாலை நேரத்தில் இணையம் வழியாக அதே வேலையைத் தொடர்கிறேன். மாணவர்கள் எல்லாரும் சீன மொழி பேசுபவர்கள். நர்ஸ், கணக்குப் பார்ப்பவர், ஏற்றுமதிக் கம்பெனி ஊழியர் என்று பல வேலைகளில் இருப்பவர்கள்.

போன வாரம் ஒரு மாணவி, தன் மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலை என்னிடம் காட்டினார். உடம்பு சரியில்லை, நாளைக்கு லீவு வேண்டும் என்பதுதான் விஷயம். அவர் எழுதியது இது: ‘ஐ ஃபீல் வெரி அன்கம்ஃபர்டபிள், ஸோ ஐ வில் நாட் கம் டு த ஆஃபீஸ் டுமாரோ.’ மேலாளர் வெளிநாட்டுக்காரர். அலுவலகத்தில் யாரோ இந்தப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டார்கள் என்று நினைத்து, உடனே போன் செய்து விசாரித்திருக்கிறார். காய்ச்சலில் படுத்திருந்தவர் பதறிப்போய்விட்டார்.

சீனத்தில் உடம்பு சரியில்லை என்பதை ‘பூ ஷூஃபூ’ என்பார்கள். ‘சுகமில்லை’ என்று நம் பக்கத்தில் சொல்வதைப் போலத்தான். ஷூஃபூ என்ற சொல்லை அகராதியில் தேடினால் கம்ஃபர்டபிள் என்று முதலில் வரும். அந்தப் பெண் அகராதியை நம்பியதில் என்ன குற்றம்?

இப்படிப்பட்ட பிழைகளை ஒரு நோட்டில் வருடக்கணக்காக எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ராணி ‘ஓப்பன் த லைட்’தான். விளக்கைப் போடு என்பது சீனத்தில் ‘கய் தங்’. கய் என்றால் திற. ஆனால் கார் ஓட்டுவதற்கும் கய், கூட்டம் நடத்துவதற்கும் கய், பூ பூப்பதற்கும் கய், வேடிக்கையாகப் பேசுவதற்கும் கய், கடை தொடங்குவதற்கும் கய். காய்ச்சிய வெந்நீருக்குக்கூட ‘கய் ஷ்வேய்’ என்றுதான் பெயர். பள்ளியில் கய் என்றால் ஓப்பன் என்று ஒரே ஒரு பொருளைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், பிள்ளைகள் விளக்கை மட்டுமல்ல, டிவியையும் ஏசியையும் ‘ஓப்பன்’ செய்துகொண்டே இருப்பார்கள்.

நம் ‘போடு’ என்ற வினையை நினைத்துப் பாருங்கள். விளக்கைப் போடு, சட்டை போடு, காபி போடு, கணக்குப் போடு, சண்டை போடு. இதற்கெல்லாம் ‘புட்’ ஒன்றுதான் ஆங்கிலம் என்று நமக்கு யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘புட் த ஃபேன்’ என்று சொல்லும் ஆட்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

சீனர்களோடு வேலை பார்க்கும் தமிழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட பிழைகளையும், அதற்கு அடியில் இருக்கும் சீன வாக்கியம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

#2 – முத்துக்குளி

அக்கா, ஷென்ஜென் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நான் தினமும் கேட்பது ‘ஹீ’, ‘ஷீ’ குழப்பம். என் குழுத் தலைவர் தன் மனைவியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பாதி நேரம் ‘ஹீ’, பாதி நேரம் ‘ஷீ’. ஆங்கிலப் பட்டப்படிப்பு படித்தவர் அவர். எழுதும்போது ஒரு தடவைகூடத் தவறு வராது. வாயைத் திறந்தால் மட்டும் வருகிறது. அது எப்படி?

இன்னொன்று ‘பாரோ’. ‘கேன் யூ பாரோ மீ யுவர் சார்ஜர்?’ என்பார்கள். கொடுப்பதும் வாங்குவதும் அவர்களுக்கு ஒன்றா?

#3 – தாழம்பூ

ஒன்றுதான் தம்பி. ‘ஜியே’ என்ற ஒரே வினை இரண்டு பக்கமும் போகும். கொடுப்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் பின்னால் ‘கேய்’ சேர்ப்பார்கள். அதற்குக் கொடு என்று பொருள். கடன் கொடு, கடன் வாங்கு என்று நாமும் அப்படித்தானே பிரிக்கிறோம்? கடன் என்பது பொது, கொடு, வாங்கு என்பதுதான் திசை. இதை வகுப்பில் ஒரு பேனாவைக் கையில் கொடுத்து வாங்கிக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் நாக்குக்கு வர மூன்று மாதமாகும்.

ஹீ, ஷீ விஷயம் வேறு. பேச்சுச் சீனத்தில் அவன், அவள், அது மூன்றுமே ‘தா’. ஒரே ஓசை, ஒரே தொனி. எழுத்தில் மட்டும்தான் வேறுபாடு. அதுவும் பழையதல்ல. பெண்ணைக் குறிக்கத் தனி எழுத்து வேண்டும் என்று லியூ பான்னோங் என்ற கவிஞர் 1920-இல் வாதாடி எழுதினார். அதற்குப் பிறகுதான் அது பரவலானது. எழுத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரியும், காதுக்கும் நாக்குக்கும் அப்படி ஒன்று இருந்ததே கிடையாது. உங்கள் தலைவர் எழுதும்போது சரியாக எழுதுவதற்கும் பேசும்போது தடுமாறுவதற்கும் காரணம் இதுதான்.

நமக்கும் ஒரு சின்ன அனுபவம் உண்டு. ‘டாக்டர் வந்தார், அவர் சொன்னார்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் போகும்போதுதான் அந்த டாக்டர் ஆணா பெண்ணா என்று யோசிக்கிறோம். சீனர்களுக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்த யோசனை தேவைப்படுகிறது.

#4 – வரப்பு

எனக்கு இதில் உடன்பாடில்லை. நோகடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். சீனாவில் 2001 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது. காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 750-க்கு 150 மதிப்பெண் ஆங்கிலத்துக்கு. இவ்வளவு படித்தும் ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று ஒருவர் சொன்னால், அது கவனக்குறைவுதானே? எல்லாவற்றுக்கும் தாய்மொழி காரணம் என்று சொல்லிவிட்டால் மாணவர் திருத்திக்கொள்ளவே மாட்டார். விதியை மனப்பாடம் செய்யச் சொல்லி, தவறினால் மதிப்பெண்ணைக் குறைப்பதுதான் வழி என்று நினைக்கிறேன். நான் அப்படித்தான் கற்றேன்.

#5 – இலக்கணப்பித்தன்

வரப்பு ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. மொழி கற்பித்தலில் பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரை இதையே எடுத்துக்கொள்கிறது. களைப்பிலோ அவசரத்திலோ வாய் தவறி வருவது ஒன்று. கற்பவர் மனத்தில் கட்டி வைத்திருக்கும் ஒழுங்கிலிருந்து முறையாக வருவது இன்னொன்று. முதல் வகையை அவரே திருத்திக்கொள்வார். இரண்டாவது வகை, அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை ஆசிரியருக்குக் காட்டும் தடயம் என்றார் கார்டர்.

‘யெஸ்டர்டே ஐ கோ’ இரண்டாவது வகை. சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. நேற்று என்ற சொல்லே காலத்தைச் சொல்லிவிடும்போது வினையில் அதை இன்னொரு முறை எதற்குச் சொல்ல வேண்டும்?

சரி, ‘ல’ என்று ஒரு சொல்லசை இருக்கிறதே, அது இறந்தகாலம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். மாணவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இங்கேதான் நுட்பமான பிழை பிறக்கிறது. வினையை ஒட்டி வரும் ‘ல’ செயல் முடிந்ததைக் காட்டும், காலத்தைக் காட்டாது. ‘நாளைக்குச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்’ என்று நாம் சொல்லும்போது ‘விட்டு’ என்ன வேலை செய்கிறதோ, ஏறக்குறைய அந்த வேலை. நாளைக்கு நடக்கப்போவதற்கும் ‘ல’ வரும். மறுபக்கம், நெடுநாள் நிலைமைக்கும் பழக்கத்துக்கும் அது வராது. ‘சின்ன வயதில் எனக்கு மீன் பிடிக்கும்’ என்பதற்குச் சீனத்தில் ‘ல’ கிடையாது. அதனால் ஒரே பத்தியில் மாணவர் ‘ஐ வென்ட் டு த மார்க்கெட்’ என்று சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘வென் ஐ வாஸ் எ சைல்ட் ஐ லைக் ஃபிஷ்’ என்று எழுதுவார். ஒரு வரியில் விதி தெரிகிறது, அடுத்ததில் மறந்துவிட்டார் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் இரண்டு வரியிலும் அவர் ஒரே விதியைத்தான் பின்பற்றியிருக்கிறார். மனத்தில் ‘ல’ ஒலித்த இடத்தில் இறந்தகாலம் போட்டார், ஒலிக்காத இடத்தில் விட்டுவிட்டார்.

இவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால், எந்த இடத்தில் குறைந்தது என்று அவருக்கே விளங்காது.

#6 – தேக்கா

சிங்கப்பூரிலிருந்து. சீனாவிலிருந்து புதிதாக வரும் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலாகப் பாடம் எடுக்கிறேன்.

இலக்கணப்பித்தன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பேச்சில் இறந்தகாலம் விழுவதற்குப் பாதிக் காரணம் வாய். மாண்டரின், அதாவது சீனாவின் பொது மொழியில், சொற்கள் உயிரில் முடியும், இல்லாவிட்டால் ‘ன்’, ‘ங்’ என்று முடியும், சில இடங்களில் ‘ர்’ ஒலியில் முடியும். அவ்வளவுதான். இரண்டு மெய் சேர்ந்து சொல்லின் கடைசியில் நிற்பதே கிடையாது. ‘வாக்ட்’, ‘ஆஸ்க்ட்’, ‘டெஸ்க்ஸ்’ எல்லாம் அவர்கள் நாக்குக்கு மலையேற்றம். அப்படி விழுவதைக் கேட்டு, இவருக்கு இலக்கணமே தெரியாது என்று முடிவுகட்டிவிடுகிறோம். நாம் ‘பஸ்ஸு’, ‘டெஸ்க்கு’ என்று உகரம் சேர்த்துச் சமாளிக்கிறோம். அவர்கள் பலர் கடைசி மெய்யையே விட்டுவிடுகிறார்கள். நான் முதலில் எழுதச் சொல்வேன். எழுத்தில் சரியாக இருந்தால் அன்றைய பாடம் இலக்கணம் இல்லை, உச்சரிப்பு.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சிங்கப்பூர் ஆங்கிலத்தையும் கற்பவர் பிழையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ‘ஆன் த லைட்’, ‘ஹியர் காட் மெனி பீப்பிள்’ என்று இங்கே சொல்வது, சீனமும் மலாயும் தமிழும் பேசியவர்கள் தலைமுறைகளாகப் பழகி உருவான பேச்சு. பேசுபவர்களில் பலருக்கு வேறு ஆங்கிலமும் தெரியும், இடம் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். ஹாங்காங்கில் உற்சாகப்படுத்தச் சொல்லும் ‘ஆட் ஆயில்’ சீனத்தின் ‘ஜியா யோ’ என்பதன் நேர் பெயர்ப்பு. அதை 2018-இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியே சேர்த்துக்கொண்டது.

#7 – முத்துக்குளி

எங்கள் ஆலையில் பணம் போன கதை இது. ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் போனில், ‘ஹேவ் நாட் த பார்ட்ஸ் அரைவ்ட் யெட்?’ என்று கேட்டார். எங்கள் ஆள் ‘யெஸ்’ என்றார். பாகங்கள் வந்துவிட்டன என்று அவர் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கத் தேதி குறித்துவிட்டார். நம் ஆள் சொன்னது, ‘ஆமாம், நீங்கள் சொல்வது சரி, வரவில்லை.’ பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் சந்தேகமே வரவில்லை. ‘இன்னும் வரலையா?’ ‘ஆமா, வரலை.’ தமிழிலும் அப்படித்தானே பதில் சொல்வோம்! சீனரும் தமிழரும் ஒரே மேஜையில் ஒரே தவறைச் சேர்ந்து செய்தோம். சரிசெய்ய இரண்டு வாரமானது.

இப்போது எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். யெஸ், நோ என்று நிறுத்தவே கூடாது. ‘தே ஹேவ் நாட் அரைவ்ட்’ என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

#8 – பனங்கூடல்

டொரோண்டோவில் இருந்து எழுதுகிறன். நான் படிப்பிக்கிற பின்னேர வகுப்பில் பாதிப் பேர் சீன ஆக்கள், சில பேர் எங்கட சனம்.

ஒருத்தரும் எண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. வீட்டு விலை கதைக்கும்போதுதான் அது பெரிய பிரச்சினை. சீனத்தில் பத்தாயிரத்துக்குத் தனிச் சொல் இருக்கு, ‘வான்’. அதுக்கு மேலே நாலு நாலு இலக்கமாகத்தான் எண்ணிக்கொண்டு போவினம். பத்தாயிரம் வான் சேர்ந்தால் ஒரு ‘யி’, அதாவது பத்துக் கோடி. மூன்று லட்சம் என்பது அவைக்கு முப்பது வான். அதை ஆங்கிலத்தில் சொல்ல வெளிக்கிட்டால் ‘தேர்ட்டி’ என்று முதலில் வாயில் வந்துவிடும், பிறகு வானுக்குச் சொல் இல்லாமல் ‘தவுசண்ட்’ என்று முடிந்துவிடும். மூன்று லட்சம் முப்பதாயிரமாகப் போய்விடும்.

லட்சம், கோடி என்று எண்ணிப் பழகின எனக்கு அந்தத் தடுமாற்றம் உடனே விளங்கினது. மில்லியன், பில்லியன் என்றால் நானும் விரல் விட்டுத்தான் எண்ணுறனான். வகுப்பில் நான் செய்வது: எண்ணைப் பலகையில் எழுதி, சீன முறைக்கு நாலு இலக்கத்துக்கு ஒரு சிவப்புக் கோடு, ஆங்கில முறைக்கு மூன்று இலக்கத்துக்கு ஒரு நீலக் கோடு போடுவேன். 1,400,000,000 என்பது சிவப்பில் பதினாலு யி, நீலத்தில் ஒன்று தசம் நாலு பில்லியன். எங்கட ஆக்கள் அதையே நூற்று நாற்பது கோடி என்று வாசிப்பினம். மூன்று வாசிப்பும் ஒரே எண் என்று தெரிந்ததும் வகுப்பே கலகலப்பாகிவிடும்.

#9 – வரப்பு

இலக்கணப்பித்தன் எழுதிய அந்த ‘மீன் பிடிக்கும்’ உதாரணத்தை இரண்டு முறை படித்தேன். நான் நினைத்திருந்ததைவிட விஷயம் ஆழமாக இருக்கிறது. மதிப்பெண் குறைப்பதைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். விதி கற்பிக்க வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.

ஒரு சந்தேகம். சீனாவில் வழுக்கும் தரையில் ‘ஸ்லிப் கேர்ஃபுல்லி’ என்று பலகை வைத்திருக்கும் படத்தை எல்லாரும் பகிர்கிறார்கள். ‘கவனமாக வழுக்கி விழுங்கள்’ என்று எப்படி ஒருவர் எழுத முடியும்?

#10 – தாழம்பூ

அந்தப் பலகையில் இருப்பது நான்கே எழுத்து: ஷியாவ், சின், தி, ஹுவா. ஷியாவ்சின் என்றால் கவனம். தி என்றால் தரை. ஹுவா என்றால் வழுக்கும். ‘கவனம், தரை வழுக்கும்.’ இதில் தவறே இல்லை. ஆனால் தரையைக் குறிக்கும் அந்த எழுத்துக்கு ‘த’ என்று இன்னொரு வாசிப்பு உண்டு; அப்போது அது நம் ‘ஆக’ என்ற விகுதியின் வேலையைச் செய்யும். கவனம் + ஆக + வழுக்கு. சீனத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கமில்லை. எங்கே பிரிப்பது என்று மொழிபெயர்க்கும் மென்பொருளுக்குத் தெரியவில்லை. ஆங்கிலம் தெரிந்த ஆள் ஒருவர் பார்க்காமலே பலகை அச்சாகிவிட்டது. இது கற்பவர் செய்த பிழையே இல்லை. 2008 ஒலிம்பிக்குக்கு முன்னால் பெய்ஜிங்கில் இப்படிப்பட்ட பலகைகளைத் தேடித் தேடி மாற்றினார்கள். பொது இடங்களில் ஆங்கிலம் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு தேசியத் தர விதிமுறையும் 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

சொல் விஷயத்தில் மாணவர்களை உண்மையாகவே மாட்டிவிடுவது வேறு வகை. ‘ஷுவென்ச்வான்’ என்று ஒரு சொல். செய்தியைப் பரப்புவது, விளம்பரப்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும், கெட்ட வாடை எதுவும் கிடையாது. பழைய அகராதிகள் அதற்கு ‘ப்ராபகாண்டா’ என்றே பொருள் தந்தன. என் மாணவர் ஒருவர் வேலை விண்ணப்பத்தில், முந்தைய கம்பெனியில் ப்ராபகாண்டாவுக்குப் பொறுப்பாக இருந்தேன் என்று பெருமையாக எழுதியிருந்தார். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஷுவென்ச்வான் துறையே 1990-களின் பிற்பகுதியில் தன் ஆங்கிலப் பெயரில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘பப்ளிசிட்டி’ என்று வைத்துக்கொண்டது.

‘லேர்ன் நாலெட்ஜ்’ என்பதும் அப்படி. சீனத்தில் அறிவைக் கற்பது மிக அழகான தொடர். ஆங்கிலத்தில் நாலெட்ஜோடு லேர்ன் சேராது. ‘இஃப் யூ ஆர் கன்வீனியன்ட்’ என்பதும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் வரும். உங்களுக்கு வசதிப்பட்டால் என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் பத்தில் ஏழு பேர் ‘வித் த டெவலப்மென்ட் ஆஃப் சொசைட்டி’ என்றுதான் தொடங்குவார்கள். பள்ளியில் அப்படி ஒரு அச்சு கொடுத்துவிட்டார்கள். எனக்கு மனவருத்தம் தருவது இதுதான். மற்றவை எல்லாம் அவர்கள் யோசித்துச் செய்த பிழைகள். இந்த அச்சு வரியில் இலக்கணப் பிழை இல்லை, அவர்களும் அதில் இல்லை.

#11 – இலக்கணப்பித்தன்

‘ஆல்தோ… பட்’, ‘பிகாஸ்… ஸோ’ என்று இரண்டையும் சேர்த்துப் போடுவதை யாரும் சொல்லவில்லையே. சீனத்தில் ‘ஸ்வேய்ரான்’ வந்தால் அடுத்த பாதியில் ‘தான்ஷர்’ வரும். ‘யின்வேய்’ வந்தால் ‘ஸ்வோயி’ வரும். இரண்டும் ஜோடி. ஆங்கிலம் ஒன்றை மட்டுமே ஏற்கும்.

வாக்கிய அமைப்பில் தமிழரும் சீனரும் ஒரே பக்கம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. ‘நேற்று வந்த ஆள்’ என்பதைச் சீனத்தில் சொல் மாறாமல் அதே வரிசையில் சொல்லலாம்: நேற்று, வந்த, ஆள். விவரமெல்லாம் முன்னால், பெயர் கடைசியில். ஆங்கிலம் ஆளை முதலில் நிறுத்திவிட்டு ‘ஹூ கேம் யெஸ்டர்டே’ என்று பின்னால் தொங்கவிடுகிறது. சீன மாணவர்கள் இதில் பிழை செய்வதைவிட இதைத் தவிர்ப்பதே அதிகம். சின்னச் சின்ன வாக்கியமாக உடைத்துத் தப்பித்துக்கொள்வார்கள். பிழையை மட்டும் எண்ணும் ஆசிரியர் கண்ணில் இது படாது. நான் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய காலத்தில் எனக்கும் இதே பழக்கம் இருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘நடந்திருந்தால்’ என்று, நடக்காத ஒன்றைக் குறிக்கும் தனி வினைவடிவம் சீனத்தில் இல்லை. அதனால் சீனர்களுக்கு அப்படிச் சிந்திப்பதே கடினம் என்று ஆல்ஃப்ரட் ப்ளூம் என்ற ஆய்வாளர் 1981-இல் எழுதினார். அவர் சோதனைக்காகச் சீன வாசகர்களிடம் கொடுத்த சீனப் பனுவல்கள்தான் இயல்பாக இல்லை என்று டெர்ரி ஆவ் என்ற இன்னொரு ஆய்வாளர் 1983-இல் காட்டினார். நல்ல சீனத்தில் எழுதிக் கொடுத்தபோது வாசகர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. ‘இஃப் ஐ நோ, ஐ வில் கம்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வடிவம் தெரியவில்லை. கருத்து அவரிடம் முழுதாக இருக்கிறது.

#12 – முத்துக்குளி

ஒரு நடைமுறைக் கேள்வியோடு முடிக்கிறேன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ‘ஷீ’ என்று திருத்தினால் என் தலைவருக்கு முகம் சிவந்துவிடுகிறது. அங்கே முகம் கெடாமல் பார்த்துக்கொள்வது பெரிய விஷயம். விட்டுவிடவா?

#13 – தாழம்பூ

எல்லார் முன்னாலும் வேண்டாம் தம்பி. அவர் ‘மை வைஃப், ஹீ இஸ் பிசி’ என்றால், நீங்கள் ‘ஓ, ஷீ இஸ் பிசி?’ என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். காது எடுத்துக்கொள்ளும். ஒரே நாளில் மாறாது. பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் தேர்வுக்குப் படித்துவிட்டு வாய் திறக்க முடியாமல் இருப்பதை அவர்களே ‘யாபா யிங்யூ’, ஊமை ஆங்கிலம் என்று சொல்வார்கள். பிழையோடு பேசுகிறவர் அதைத் தாண்டி வந்தவர்.

நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த மாணவியோடு நேற்று வகுப்பு. சீன வாக்கியத்தை மேலே எழுதினோம், கீழே அவருடைய பழைய ஆங்கிலம், அதற்குக் கீழே ‘ஐ ஆம் நாட் ஃபீலிங் வெல்.’ மூன்றையும் பார்த்துவிட்டு, ‘அப்படியானால் இந்த அன்கம்ஃபர்டபிள் எப்போது வரும்?’ என்று கேட்டார். நாற்காலி கடினமாக இருந்தால், சட்டை இறுக்கமாக இருந்தால், யாராவது சங்கடமாகப் பேசினால் என்றேன். எழுதிக்கொண்டார். இப்போது காய்ச்சல் எப்படி என்று கேட்டேன்.

‘பெட்டர், டீச்சர். ஐ ஏட் த மெடிசின்.’

மருந்து சாப்பிட்டேன் என்கிறார். சீனத்தில் ‘ச்சர் யாவ்’. தமிழிலும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். அடுத்த வகுப்புக்கு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.